கவுஸ் பாஷா திறந்துவிட்ட மைக்

கூட்டம் கலைந்ததும் கவுஸ் பாஷா முதலில் செய்யும் வேலை, மைக்கின் தலையில் இருக்கும் கம்பி வலையைக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது. பென்னாகரம் வட்டாரத்தில் வேறெந்த மைக்செட்காரரும் இந்தப் பாடு படுவதில்லை. வெற்றிலை, பீடி, காலையில் தின்ற பூண்டு ஊறுகாய், சில நேரம் பட்டைச் சாராயம் என்று பேசியவர் வாயில் இருந்ததெல்லாம் அந்த வலையில் வந்து உட்கார்ந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பார். இத்தனை வருடம் ஆகியும் அந்த நாற்றம் பழகவில்லை.

பத்தாம் வகுப்பில் தேறாமல், தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஈயப் பற்று வைக்கக் கற்று, ஆம்ப்ளிஃபையர் கட்டக் கற்று, கல்யாணத்துக்கு முன்பே பென்னாகரத்துக்குத் திரும்பி ‘பாஷா சவுண்ட் சர்வீஸ்’ என்று போர்டு மாட்டினார். இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. ஸ்பீக்கர் ஏற்றிப் போக ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். மாரியம்மன் பண்டிகை, மிலாது விழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். எந்தக் கட்சி எங்கே கூட்டம் போட்டாலும் மேடைக்குப் பக்கத்தில் மிக்சர் பெட்டிக்குப் பின்னால் பாய் உட்கார்ந்திருப்பார். சத்தம் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்ப்பார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கமாட்டார்.

“ஊர்ப் பேச்செல்லாம் உங்க ஒயர்லதான் போவுது. ஒண்ணாவது காதுல விழுந்திருக்கா?” என்று அவர் மனைவி ஜான் பீ உருதுவில் கேலி செய்வாள்.

“விழுந்தா இந்தத் தொழில் செய்ய முடியுமா?” என்பார் இவர்.

கரடிக்கல்லூர் கூட்டம் வரைக்கும் அப்படித்தான் ஓடியது.

கரடிக்கல்லூர், ஒகேனக்கல் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஊர் முடிகிற இடத்தில் வெள்ளாமை நிலம், நிலம் முடிகிற இடத்தில் காப்புக்காடு. நடுவில் வனத்துறை நட்ட எல்லைக் கல்லைத் தவிர வேறொன்றும் கிடையாது. கடைசி நிலம் தீர்த்தம்மாளுடையது. புருஷன் செத்த பிறகு அவளே ஏர் ஓட்ட ஆள் வைத்து, கடலையும் ராகியும் போட்டுப் பிழைத்து வந்தாள். நிலத்தை ஒட்டி ஒரு ஓடை இறங்குகிறது. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றினால் ஆனைகள் அந்த ஓடையோடு இறங்கி ஆற்றுக்குப் போகும். போகிற போக்கில் ஓரத்துச் செடியைப் பிடுங்கும். அவ்வளவுதான். “அதுங்க வழி அது, நம்ம வழி இது” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். ஊர்ப் பண்டிகைக்கு வருடா வருடம் செட் கட்டப் போகிற பாஷாவுக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த நிலங்களை ஒரு கம்பெனி வளைத்து வாங்கியது. ‘வனமுகம் பிசினஸ் பார்க்’ என்று பெயர். பெங்களூர் கம்பெனிகளுக்கு ஆபீஸ் கட்டிடம், பெரிய மீட்டிங் ஹால், ஓட்டல், தங்கும் காட்டேஜ், சரக்குக் குடோன் எல்லாம் வரப்போவதாகச் சொன்னார்கள். ரோட்டோரம் போர்டு வைத்தார்கள். போர்டில் தாய் ஆனையும் குட்டியும் தும்பிக்கை கோத்து நிற்க, கீழே ‘இயற்கையின் மடியில் உங்கள் தொழில்’ என்று எழுதியிருந்தது. போர்டு வந்த கையோடு கம்பி வேலியும் வந்தது. அது ஓடையைக் குறுக்கே மறித்துக்கொண்டு ஓடியது. அந்தக் கோடையில் இறங்கி வந்த ஆனைகள் வேலியை மோப்பம் பிடித்து, திரும்பி, தீர்த்தம்மாள் நிலத்துக்குள் நுழைந்தன. விடிந்து போய்ப் பார்த்தபோது கடலைக்காடு உழுது போட்ட மாதிரி கிடந்தது.

கட்டிடம் எழும்புவதற்கு முன் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்கு மைக்செட் பேச வந்தவன் மாதவராஜ். மண் லாரி, ஜல்லி, கட்சிப் பதவி எல்லாம் வைத்திருக்கிற ஆள். கம்பெனிக்கு உள்ளூரில் அவன்தான் கையும் காலும்.

“பாய், செட்டு நல்லா இருக்கணும். மேடையில டேபிளுக்கு டேபிள் மைக்கு. கீழ ஜனங்களுக்கு ஒண்ணு,” என்றான். போகும்போது திரும்பி, “அப்புறம், சிலபேரு மைக்கப் புடிச்சா வுடமாட்டானுங்க. நான் தோள்ல துண்டை இழுத்து வுட்டேன்னா கொஞ்சம் கொறைச்சு வுட்ருங்க,” என்றான்.

நேரம் மிச்சம் பிடிக்கத்தான் சொல்கிறான் என்று பாஷா நினைத்துக்கொண்டார். கல்யாண வாழ்த்துரையில் இழுப்பவர்களை அவரே எத்தனையோ முறை அப்படி அடக்கியிருக்கிறார்.

ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம். பாஷா ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். கரடிக்கல்லூர் முகமே இல்லை. எல்லார் தலையிலும் பச்சைத் தொப்பி, தொப்பியில் ஆனைப் படம். முன்வரிசை நாற்காலிகளை அவர்கள் நிரப்பிக்கொள்ள, ஊர்க்காரர்கள் பின்னால் சுவரோடு நின்றார்கள். மண்டபத்துக்குப் பின்புறம் பிரியாணி அண்டாக்கள் அடுப்பேறிவிட்டன.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கம்பெனி மேனேஜர், அவருக்குப் பின்னால் மாதவராஜ். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் எழுந்து, “எங்கள் கரடிப்பள்ளி கிராமத்துக்கு” என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து யாரோ, “கரடிக்கல்லூருய்யா!” என்று கத்தினார்கள். மனிதர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். அடுத்தவரும் அதே வரிகளை அதே ஏற்ற இறக்கத்தோடு படித்தார். அதற்கடுத்தவரும் அதையே படித்தார். சென்னையிலிருந்து வந்த ஒருவர் காட்டைப் பற்றி அழகழகாக, நிறைய ஆங்கிலத்தில், வெகுநேரம் பேசினார். பின்னால் நின்ற ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசி முடித்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு கார் ஏறிவிட்டார். ஒரு கட்சிக்காரர் திட்டத்தை வரவேற்று ஆரம்பித்து, பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியதும் நடுவில் திரும்பி, எதிர்த்து முடித்தார். இரண்டு பக்கமும் கைதட்டல் வாங்கினார்.

முதல் தடவையாகப் பாஷா, மேடையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஒருவன் மட்டும் மனதில் இருந்ததைப் பேசினான். முருகன் என்று ஊர்ப் பையன், டிப்ளமோ படித்தவன். “நான் ஓசூர்ல ஷிப்டு வேலைக்குப் போறனுங்க. பொண்டாட்டி புள்ளையைப் பார்க்க மாசத்துக்கு ஒருக்கா வர்றேன். இங்க வேலை கெடைச்சா நான் ஏன் போறேன்? ஆனையும் வேணும், எனக்கு வேலையும் வேணும். ரெண்டுக்கும் எடம் வுட்டுக் கட்டுங்கன்னுதான் கேக்கறேன்,” என்றான். அதற்கு யாரும் தட்டவில்லை.

பிறகு தீர்த்தம்மாள் வந்தாள். வாழ்க்கையில் அவள் மைக் பிடிப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சாமி, என் நெலம் காட்டோரம்ங்க. உங்க வேலி வந்ததுக்கு அப்புறம் ஆனை என் கடலைக்குள்ள…”

மாதவராஜ் துண்டை இழுத்துவிட்டான். பாஷாவின் கை பழக்கத்தில் குமிழைத் திருகிவிட்டது.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை. முன்வரிசைத் தொப்பிகள் சிரித்தன. ஒருவன் காதில் கை வைத்து, “என்னாது? என்னாது?” என்று கிண்டல் செய்தான். அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். முகம் சிறுத்துப்போய் பாஷாவைப் பார்த்தாள்.

“நான் கெட்டியா புடிச்சதுல கெட்டுப் போச்சா, பாய்? மன்னிச்சுக்க,” என்றாள்.

மைக்கை மெதுவாக, கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல, அவர் மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

பாஷாவால் நிமிர முடியவில்லை. எச்சில் கையால் தொட்டதுபோல அந்தக் குமிழ் விரலில் ஒட்டியது. இவள் வீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்து தின்றிருக்கிறோம் என்று நினைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

அடுத்த பெயரைக் கூப்பிடத் தாளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் மேனேஜர் திரும்பி மாதவராஜிடம் ஏதோ கேட்டார். மாதவராஜ் முன்னால் குனிய, இருவர் தலையும் மேசை மைக்குக்கு மேல் கூடியது. அந்த மைக்கின் குமிழ் பாஷாவின் வலது கைப்பக்கம், மூடிக் கிடந்தது. அவர் அதைத் திறந்தார். முழுசாகத் திறந்தார்.

மண்டபத்துக்குள் நான்கு ஸ்பீக்கர், வெளியே புளிய மரத்தில் கட்டிய கூம்பு, எல்லாவற்றிலும் மாதவராஜ் பேசினான்.

“…பேசட்டும் சார், கெடக்குதுங்க. பிரியாணி வாசம் வந்தா எல்லாம் எந்திரிச்சிடும்.”

“அந்தப் பொம்பளையோட நிலம்?” இது மேனேஜர்.

“இன்னொரு வெள்ளாமையை ஆனை தின்னட்டும், தானா வந்து கையெழுத்துப் போடுவா. அதுக்குத்தானே சார் வேலியை ஓடைக்குக் குறுக்க வளைச்சது?”

தன் குரல் வெளியே மரத்திலிருந்து திரும்பி வருவது மாதவராஜ் காதில் விழ ஒரு கணம் பிடித்தது. அதற்குள் மண்டபமே எழுந்து நின்றுவிட்டது.

எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் நஞ்சப்பன், ஊரின் பழைய வார்டு மெம்பர். “எங்க ஊர்ப் பொம்பளையை ஆனைக்கு வுட்டுக் கொல்லப் பாக்கறீங்களா? என் பொணத்து மேலதான்டா இங்க கட்டடம் வரும்!” என்று மேசையைக் குத்தினார். நாற்காலிகள் பறந்தன. அதிகாரி கூட்டத்தை ஒத்திவைத்து எழுந்து போனார். தொப்பிக்காரர்கள் அந்த ரகளையிலும் பிரியாணிப் பொட்டலத்தை விடவில்லை. பாதி தின்றதை மண்டப வாசலிலேயே எறிந்துவிட்டு வேன் ஏறினார்கள். மாதவராஜின் ஆட்கள் பாஷாவின் ஆம்ப்ளிஃபையரை மிதித்து உடைத்தார்கள். ஊர்ப் பையன்கள் பாஷாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தார்கள். அவருக்கு இறங்கினால் போதும் என்றிருந்தது.

வீட்டில் ஜான் பீ உடைந்த பெட்டியைப் பார்த்தாள். “காது கேக்க ஆரம்பிச்சிடுச்சா?” என்று மட்டும் கேட்டாள். சூடாக டீ போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மாதவராஜின் கட்சிக்காரர் எவரும் பாஷாவைக் கூப்பிடவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களும்தான். மைக்கைத் திறந்து விடுகிற ஆள் என்றால் எல்லாருக்கும் பயம். கல்யாணங்களும் பண்டிகைகளும்தான் மிஞ்சின.

ஒத்திவைத்த கூட்டத்தைக் கொஞ்ச நாள் கழித்து ஊரில் வைக்காமல் டவுனில் ஒரு ஏசி ஹாலில் வைத்தார்கள். செட் சேலத்திலிருந்து வந்தது. பாஷா தீர்த்தம்மாளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதல் பெயராக நஞ்சப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் பச்சைத் தொப்பியோடு எழுந்தார்.

“ஊர் வளர்ச்சிக்கு இந்தத் திட்டம் மிக அவசியம்ங்க. அன்னைக்கு நடந்தது சில வெளியாளுங்க பண்ணின கலாட்டா,” என்றார்.

சுற்றுச்சுவர் கட்டுகிற வேலை அவருக்குக் கிடைத்திருப்பதை ஊரே அறியும். பாஷா எழுந்து வெளியே போய், சாக்கடை ஓரம் நின்று வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது தீர்த்தம்மாள் மைக் முன்னால் நின்றிருந்தாள். இந்த முறை சத்தம் நன்றாக வந்தது.

“ஓடையை வுட்டுடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை. ஆனை வந்து உங்ககிட்ட மனு குடுக்காது, அதான் நான் வந்தேன்,” என்றாள்.

திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் ஓடையின் இரு பக்கமும் இடம் விட வேண்டும், வேலியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். தீர்த்தம்மாளுக்கு அதுவே பெரிதாக இருந்தது. ஓடை திறந்த அடுத்த கோடையில் ஆனைகள் பழைய வழியிலேயே இறங்கின. அவள் கடலை பிழைத்தது.

கட்டிடங்கள் எழுந்தன. ஓட்டல் நடக்க ஆரம்பித்தது. முருகனுக்கு அங்கே வேலை கிடைத்தது. டிப்ளமோ படித்தவனுக்குக் கிடைத்தது செக்யூரிட்டி உடுப்பு. இருந்தாலும் தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். பிள்ளை அவனோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் தீர்த்தம்மாள் போன் பண்ணினாள். “பாய், ஒரு நடை வந்துட்டுப் போ. மூக்கைப் பொத்திக்கிட்டு வா,” என்றாள்.

ஓடைக்கென்று விட்ட இடம் முழுக்கக் குப்பை. கிச்சனில் மீந்த சோறு, கோழி எலும்பு, கெட்டுப்போன கேக்கு, பிளாஸ்டிக் கவர், காகிதத் தட்டு, குழந்தைகளுக்குக் கட்டுகிற நாப்கின், எல்லாம் மக்கி, பொங்கி, ஈ மொய்த்துக் கிடந்தன. யார் இடமும் இல்லாத இடம். கொட்டுவதற்கு வாகாக இருந்தது போலும். காட்டுப்பன்றி ஒன்று பகலிலேயே கவரோடு தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஆனைச் சாணம். தீர்த்தம்மாள் குச்சியால் கிளறிக் காட்டினாள். உள்ளே பால் கவரும் சாக்லேட் காகிதமும் சுருண்டிருந்தன. மேலே காட்டேஜ் மாடியில் நின்ற இரண்டு பேர் பன்றியைச் செல்போனில் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மனு கொடுத்தார்கள். பார்க்கிறோம் என்றார்கள். மறுபடி கொடுத்தார்கள். கம்பெனியில் கேட்டதற்கு, குப்பை எங்களுடையது இல்லை, ஊர்க்காரர்கள் கொட்டியது என்றார்கள். கரடிக்கல்லூரில் எவன் வீட்டில் ஐஸ்கிரீம் கேக்கு என்று தீர்த்தம்மாள் கேட்டாள்.

“அவங்களுது இல்லைன்னா சரி, பாய். யாருதுன்னு கொண்டுபோய்க் கேப்போம்,” என்றாள் அவள்.

பாஷா ஸ்பீக்கர்களை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு வந்தார். அவரும் தீர்த்தம்மாளும் அவள் நாத்தனார் பாஞ்சாலியும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு சாக்குச் சாக்காக அள்ளினார்கள். வழிகிற சாறு முழங்கையில் இறங்கியது. பாஷாவுக்கு ஓங்கரித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தவில்லை. மதியம் வண்டியை பிசினஸ் பார்க் வாசலுக்கு விட்டார். கேட்டில் முருகன் நின்றிருந்தான். வண்டியைப் பார்த்தான், நாற்றத்தை முகர்ந்தான், மூவர் முகத்தையும் பார்த்தான்.

“வேலை போயிடும்ங்க,” என்றான் மெதுவாக.

“தெரியும்ப்பா. நீ தொறக்க வேண்டாம். நாங்க இங்கயே கொட்டறோம்,” என்றாள் தீர்த்தம்மாள்.

அவன் கேட்டைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தான்.

வரவேற்பு மண்டபத்துப் பளிங்குப் படியில், பூந்தொட்டிகளுக்கு நடுவில், அத்தனை சாக்கையும் கவிழ்த்தார்கள். பெங்களூரிலிருந்து மீட்டிங்குக்கு வந்த கோட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மேனேஜர் படியில் நின்று கத்தினார். அவருக்கும் குமட்டியது, முழுசாகக் கத்த முடியவில்லை. தீர்த்தம்மாள் அவர் ஓட்டல் பெயரைப் பச்சை எழுத்தில் அச்சடித்த ஒரு காகிதத் தட்டைப் பொறுக்கி, ஒட்டியிருந்த சோற்றோடு அவர் கையில் கொடுத்தாள்.

“உங்க பேருதான் போட்டிருக்குது, பாருங்க,” என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனில் பொழுது சாயும்வரை உட்கார வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. முருகனுக்கு வேலை போனது. மறுபடி ஓசூர் பஸ் ஏறினான். நஞ்சப்பன் ஊர்க் கூட்டத்தில், பொம்பளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று பேசினாராம். ஆனால் படியில் கிடந்த குப்பையை அங்கிருந்த யாரோ படம் எடுத்துப் போட, அது ஊர் ஊராகச் சுற்றியது. கம்பெனி ஓடையைச் சுத்தம் செய்து கொடுத்தது. குப்பைக்கென்று மூடிய லாரி ஒன்று வந்து போக ஆரம்பித்தது. தீர்த்தம்மாள் சந்தோஷப்பட்டாள். பாஷாவுக்கும் கொஞ்சம் மனது ஆறியது.

ஆடி மாதம் தொப்பூர்ப் பக்கம் ஒரு கோயில் விழாவுக்குச் செட் கட்டிவிட்டுத் திரும்பும்போது, கணவாய் வளைவில் லாரிகள் தேங்கி நின்றன. பாஷா காலாற இறங்கி ரோட்டோரம் நடந்தார். தடுப்புச் சுவருக்குக் கீழே காடு சரிந்து இறங்குகிற இடத்தில் குரங்குகள் கூட்டமாக எதையோ பிய்த்துக்கொண்டிருந்தன. எட்டிப் பார்த்தார். பள்ளம் நிறையக் கவர், எலும்பு, சோறு. நடுவில் அதே ஓட்டல் பெயரைப் பச்சை எழுத்தில் அச்சடித்த காகிதத் தட்டுகள்.

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. வண்டியில் ஏறி உட்கார்ந்து தீர்த்தம்மாளுக்குப் போன் போட்டார்.

“அக்கா, அந்த மூடின லாரி எங்க போவுதுன்னு பாத்துட்டேன்.”

பள்ளத்தில் பார்த்ததை எல்லாம் சொன்னார். அவள் காறித் துப்புகிற சத்தம் போனில் கேட்டது.

“அது ஆழமான பள்ளமாச்சே, பாய். இறங்கி ஏற வடக்கயிறு வேணும். பாஞ்சாலி வூட்டுல இருக்குது, வாங்கி வெக்கறேன். நீ எப்ப வர்றே?”